கொடியில் காய்ந்த உன் படங்கு

ஒரு வாரமாகப் பிடித்திருந்த மழை இன்று காலைதான் விட்டது. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கொடியைக் கட்டி, பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்த துணிமணிகளை அள்ளிப் போட்டேன். அந்த அவசரத்தில் உன் படங்கையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் நீ இடுப்பைச் சுற்றிக் கட்டுவாயே, அதேதான். மூன்று வருடமாகத் தகரப்பெட்டியின் அடியில், யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். வெயில் பட்டதும் தேயிலைக் கறையின் வாடை கிளம்பியது.

உன் மகள் பல் விளக்கிக்கொண்டே அதன் பக்கத்தில் வந்து நின்றாள். உன் திதிக்காக நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறாள். ஓரத்தில் நீ சிவப்பு நூலால் போட்ட தையலை விரலால் தடவினாள்.

“இது எங்கம்மா படங்குதானே பெரியம்மா? அம்மா செத்த அன்னைக்கு இதக் காணோம்னு தேடுனோமே. ஒங்ககிட்ட எப்புடி வந்துச்சு?”

“அப்புறம் சொல்றேன் பாப்பா, தேத்தண்ணி ஆறுது” என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கக்கூட இல்லை.

அவள் பூசைச் சாமான் வாங்கப் பதுளைக்குப் போயிருக்கிறாள். நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். வந்ததும் மறுபடி கேட்பாள், உன் பிள்ளையல்லவா. அதற்குள் உன்னிடம் பேசிக்கொள்ள வேண்டும் என்று இந்தக் கொப்பியை எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் லயத்தில் சண்டை என்றால் நாம் இரண்டு பேர்தான். பீலியில் தண்ணீர் பிடிக்க வாளி வைக்கும் வரிசையில் எவளாவது நுழைந்தால் முதலில் உன் குரல் கேட்கும், அடுத்தது என் குரல். ஒருத்திக்கு ஒருத்தி துணை. அந்த வாயால்தான் உன் மகளையும் இழந்தாய். ஏதோ சின்ன விஷயத்துக்கு நீ கொட்டிய வார்த்தையைத் தாங்க முடியாமல், போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் அவள் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். அதன் பிறகு நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் தியான வகுப்பு நடக்கிறதாம், போகிறேன் என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

வகுப்பு நடத்தியவர் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. “கோபம் வாறதைப் பாருங்கோ. பாக்கிறது நீங்கள். வாறது நீங்கள் இல்லை” என்பாராம். அவர் பேசுவதைப் போலவே எனக்குப் பேசிக் காட்டுவாய். முதல் வாரம் தூங்கிவிட்டாய். இரண்டாம் வாரம் வந்து, “கண்ண மூடுனா, யார யார என்னென்ன பேசுனேன்னு வரிசையா வருது புள்ள. ஒக்காரவே முடியல” என்றாய். ஆனாலும் விடவில்லை. விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன், அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அசையாமல் உட்காருவாய். நான் வேண்டுமென்றே வாசலில் வாளியை நங்கென்று வைப்பேன். நீ ஒரு கண்ணை மட்டும் திறந்து, “அந்தச் சத்தத்தயுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பாய்.

பிறகு அந்த நாள் வந்தது. பீலியில் ஒருத்தி உன் வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். நீ இடுப்பில் கையை வைத்தாய், வாயைத் திறந்தாய். நானும் தயாராகிவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது. எதையோ கண்டுபிடித்தவளைப் போலச் சிரித்தாய். “கோவம் வருது புள்ள. வர்றதப் பாத்துட்டேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாளியை நிமிர்த்தி வரிசையின் கடைசியில் போய் வைத்தாய். அன்று மாலையே கொழும்புக்குப் போன் எடுத்து மகளிடம் மன்னிப்புக் கேட்டாய். ஊரே உன்னை மெச்சியது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. சண்டைக்கு எனக்கிருந்த ஒரே துணை போய்விட்டதே என்ற ஆத்திரம். ‘சாமியாரம்மா’ என்று உனக்குப் பெயர் வைத்தவளும் நான்தான்.

இனிதான் சொல்ல வேண்டியது.

நீ போன அன்று காலை பெரட்டுக் களத்தில் என்னைப் பற்றி ஒருத்தி இல்லாததும் பொல்லாததும் சொன்னாள். நீ பக்கத்தில் நின்றாய். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைக்கு ஏறியதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். “மூச்சப் பாத்துக்கிட்டு நின்னியாக்கும்? நான் நாசமாப் போனாலும் பாத்துக்கிட்டுத்தான் நிப்ப.” நீ கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்ததில் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. நமுனுகுல மலைப் பக்கமாகக் கற்பாறை ஓரத்தில் ஒரு தேயிலை நிரை உண்டே, செடிக்குள் குளவிக்கூடு இருக்கிறது, யாரும் போக வேண்டாம் என்று முதல்நாளே கங்காணி ஒதுக்கியிருந்த நிரை. அதற்குள் போனேன். நீ கூப்பிட்டாய். “வந்துரு புள்ள, கூடு இருக்கு அங்க.” குளவியாம் குளவி என்று கையிலிருந்த மட்டக்கம்பால் செடியை ஓங்கி அடித்தேன்.

பருந்து ஒன்று குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் இன்றுவரை சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவள் நான். அன்று எந்தப் பருந்தும் வரவில்லை.

குளவிகள் கிளம்பியதும் மற்றவர்கள் கீழே ஓடினார்கள். நீயும் ஓடியிருக்கலாம், தூரத்தில்தான் நின்றாய். மேலே வந்தாய். ஓடப்போன என்னைத் தள்ளி நிரைக்குள் குப்புற விழ வைத்து, உன் படங்கை அவிழ்த்து என் தலையோடு மூடி, என் மேல் படுத்தாய். நான் கத்தினேன், திமிறினேன். உன் குரல் மட்டும் ஏறவே இல்லை. “அசையாத புள்ள. மூச்ச மட்டும் பாரு. உள்ள போகுது, வெளிய வருது. அத மட்டும் பாரு.” எத்தனை தடவை சொன்னாயோ தெரியாது. படங்குக்கு மேலே இரைச்சல். உள்ளே உன் குரலும் என் மூச்சும். என் வாழ்நாளில் நான் அசையாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போது எனக்குப் பயம்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு உன் குரல் நின்றது. நானோ மூச்சைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இரைச்சல் அடங்கியதும் உன்னைப் பாதைக்கு இழுத்து வந்தேன். உன் படங்கு என் தோளில் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இதுவரை எழுதியது நேற்று.

உன் மகள் வந்தாள், கேட்டாள். அடுப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பருந்து பொய் என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.

“குளவி கொட்டுறப்ப அம்மா அசையவே இல்லையா?”

“அசையல பாப்பா.”

தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “எனக்கு ஒங்க மேல கோவம் வருது பெரியம்மா” என்றாள். கத்தவில்லை. உன் குரல் அப்படியே. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. “வரட்டும்மா” என்றேன். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் கோபம் வந்துகொண்டிருந்தது. என்னை மூட இந்தத் தடவை யாரும் இல்லை.

இன்று திதி முடிந்ததும் படங்கை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் வரைக்கும் போனேன். படியில் ஏறியவள் திரும்பி, “கோவம் இன்னும் இருக்கு. போயிட்டு வாரேன். போய்ச் சேந்ததும் போன் பண்றேன்” என்றாள்.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக வராதது. வரும்போதே பார்த்துவிட்டேன், நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொண்டைக்கு ஏறுவதை. பார்த்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, நடுரோட்டில், அசையாமல் நின்றேன். போகவில்லை. போகும் என்று நீயும் ஒருநாளும் சொல்லவில்லையே, புள்ள.