மகள் வேலைக்கு நான் சேர்த்துவைத்த காரணங்கள்

9, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திரைச்சீலை துவைத்தாயிற்று. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். நெமிலிப் பக்கம். பையன் ராணிப்பேட்டையில் கம்பெனி சூப்பர்வைசர்.

மகள் கௌசல்யா (இனி கௌ.; பேனாவில் மை கம்மி) வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டென்ட். முன்னால் வந்த இரண்டு இடமும் அதைக் கேட்டுத்தான் எழுந்து போனது. "பீ மூத்திரம் அள்ற வேலையா?" என்றார் ஒருவர், கேசரி சாப்பிட்டுக்கொண்டே. கேசரியை மிச்சம் வைக்கவில்லை.

இந்தத் தடவை பதில் தயார். கேட்டால் சொல்ல:

– வருஷக்கணக்கில் படிக்க வேண்டாம். சீக்கிரம் வேலை. (நான் பத்தாவதையே இரண்டு வருஷம் படித்தேன். இதைச் சொல்லக் கூடாது.)

– நோய் இருக்கிறவரை வேலை இருக்கும். எங்கள் தோல் ஷாப்புக்கு வரும் ஷூ ஆர்டர் மாதிரி திடீரென்று நிற்காது.

– நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, திருப்பிப் படுக்கவைக்க இவள்தான். நோயாளி பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இவளைத்தான்.

ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம், கூட வேலை பார்க்கும் ரஹீம் பாயிடம் படித்துக் காட்டினேன். "இன்னா தோஸ்த், எலெக்ஷன்ல நிக்கிறியா? கம்மியா பேசு."

12, ஞாயிறு

வந்தார்கள். பையன், அம்மா, ஒரு மாமா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்.

கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. "இது கோயில் வேலை மாதிரிங்க," என்றார் அந்த அம்மா. நகை? "நீங்க போடறதைப் போடுங்க." கௌ.விடம், "ராத்திரி முழிச்சுப் பழக்கம் இருக்குமே உனக்கு? கல்யாணத்துக்கு அப்புறம் வெளிய போய்க் கஷ்டப்பட வேணாம்மா. வீட்லயே இரு."

என்ன மனுஷர்கள்! நான் படித்துவைத்த எதுவும் பரீட்சையில் வரவில்லை. எனக்கு இது பழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றலாம் என்றேன். நானேதான் சொன்னேன். என் மனைவி சரோ கண்ணில் தண்ணீர். கட்டிய நாளிலிருந்து என்னை இப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

கௌ. மட்டும் டம்ளர் கழுவிக்கொண்டே, "ஏம்ப்பா இவ்ளோ நல்லவங்களா இருக்காங்க?"

"நல்லவங்க வந்தாலும் உனக்குப் பேஜாரா?" என்று கத்தினேன்.

15, புதன்

அரை நாள் லீவு. மாப்பிள்ளை வீடு பார்க்க நெமிலி. பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. எப்போதும் காலி. தோல் ஷாப்பில் இத்தனை வருஷம் நின்றதில் என் மூக்கு செத்துப்போச்சு. பயணிகள் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மாடி வீடு. போர்வெல். இரண்டு மாடு. காப்பி. பின்னறைக் கதவைத் திறந்தார்கள். நாற்றம். எனக்கே!

பையனின் அப்பா. பக்கவாதம். மல்லாந்து கிடக்கிறார். மூத்திரப் பை நிரம்பித் தொங்குகிறது. கண் மட்டும் என் மேல். வணக்கம் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

பார்த்துக்கொண்ட ஆள் நின்றுவிட்டாளாம். "நம்ம கௌசல்யா வர்ற வரைக்கும் சமாளிச்சுக்கறோம்," என்றார் அந்த அம்மா.

"இவரைத் திருப்பிப் போடறது யாரு?"

"எங்களுக்கு இன்னா தெரியும்? பையனுக்கு நாத்தம் ஆவாது. அதான் அவ வந்துடுவாளே."

தொட்டியில் கிடக்கிற செத்த ஆட்டுத் தோலைத் தினம் புரட்டிப் போடுகிறோம். ஒரு நாள் விட்டால் மேஸ்திரி என் பரம்பரையையே திட்டுவான். உயிரோடு கிடக்கும் இந்த மனுஷனைப் புரட்ட, ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமாம்.

காப்பியை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கேசரிக்காரரை நான் குறை சொல்லக் கூடாது.

16, வியாழன்

கௌ.விடம் சொன்னேன். நாற்றம் என்றதும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"உன் மூக்குக்கே தெரிஞ்சுதா?"

"ஆமா."

"அப்போ படுக்கைப் புண்ணு. ரொம்ப ஆழமா போய்ட்டிருக்கும்ப்பா."

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு சீப்பை எடுத்துக்கொண்டே, "அங்க வாரத்துல ஒரு நாள் ஆஃப் உண்டான்னு கேட்டியா?" சிரிக்கவில்லை.

சரோ: "எந்த வீட்ல படுத்த ஆளு இல்ல? இது மூணாவது எடம். நாலாவதுக்கு உன் மூக்கை இட்டுனு போவாதய்யா."

பட்டியலில் சேர்க்க இன்னொரு காரணம்: டூட்டி முடிந்தால் வீடு, மாதம் பிறந்தால் சம்பளம். அதே வேலைக்கு நெமிலியில் பேர் மருமகள்.

மதியம் போன் போட்டு வேண்டாம் என்றேன்.

19, ஞாயிறு

மேகமூட்டம். சரோ என்னோடு பேச்சில்லை. குழம்பில் உப்பும் இல்லை. நான் கேட்கவில்லை.

காலையில் நெமிலியிலிருந்து போன். அந்த அம்மா. "கல்யாணம் வேணாம்னா போவட்டும்ங்க. பொண்ணு தினம் வந்து இவரைப் பாத்துட்டுப் போவட்டும். எவ்ளோ கேப்பா?"

வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் கௌ. போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எந்தப் பக்கமா படுத்திருக்காரு?"

"அப்படியேதாம்மா கெடக்கறாரு."

"புண்ணை டாக்டர்தான் பாக்கணும். இன்னிக்கே இட்டுனு போங்க. வண்டி வர்ற வரைக்கும் ஒருக்களிச்சுப் போடணும். உங்க பையனைக் கூப்பிடுங்க, நான் லைன்ல இருக்கேன்."

"அவனுக்கு இதெல்லாம் ஆவாதும்மா..."

"கூப்பிடுங்க."

சூப்பர்வைசர் வந்தார். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு என்றாள். கட்டில் கிரீச்சிட்டது. பெரியவர் முனகினார். உடனே பையன் ஓங்கரிக்கும் சத்தம்.

"மூக்கைப் பொத்தாதீங்க," என்றாள் கௌ. "ரெண்டு கையும் வேணும்."