லாக்கா, நாலு வீலா

எத்தனை தடவை சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் கையிலிருந்து கியர் ஆயில் வாடை போகவில்லை, பாய். இன்று காலை பட்டறையில் நம் வேனின் பின்னச்சுக்குப் புது ஆயில் ஊற்றினார்கள். நான் சும்மா நிற்காமல் புனலைப் பிடிக்கிறேன் என்று போய் முழங்கை வரைக்கும் அபிஷேகம் பண்ணிக்கொண்டேன். இந்த நெடி ஆகாமல்தான் நீங்கள் எப்போதும் உள்ளே வராமல், அத்தர் தடவிய கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே நிற்பீர்கள். பழக்கதோஷத்தில் இன்றும் வாசல் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டேன். அங்கே ஒரு பெண் ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். என்னங்கண்ணா என்று கேட்டாள். ஒன்றுமில்லை கண்ணு என்றேன்.

லாக் போடுவதா, நாலு வீல் போடுவதா என்று நாம் பிடித்த சண்டை முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் போயிருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சண்டையின் முடிவை எதிராளிக்குச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

நீங்கள் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி, நான் மலைமேல் குண்டனி நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடுகிறவன். மிளகு வாங்க எங்கள் ஊருக்கு வந்த மனிதர், பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தார் ரோடு வரைக்கும் நடப்பதைப் பார்த்தீர்கள். அடுத்த வாரமே, ஒரு பழைய வேன் விலைக்கு வருகிறது, கூட்டாக வாங்கலாமா என்று வந்து நின்றீர்கள். வண்டி வந்த அன்றே பங்கும் பிரித்தாயிற்று. "முன்பாதி உங்களுது மாப்ள, பின்பாதி எனக்கு." ஓட்டுகிறவன் நான் என்பதால் முன்பாதி எனக்காம், மூட்டை ஏறுவது பின்னால் என்பதால் அது உங்களுக்காம். வியாபாரி புத்தியைப் பாருங்கள் என்று நான் சொன்னதை, ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்.

எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே தார் ரோடு நின்றுவிடுகிறது. அப்புறம் செம்மண் தடம், நடுவில் பலாமரத்து மேடு. வெயில் காலத்தில் அந்த மேடு பரம சாது. மழை விழுந்துவிட்டால் அதன் குணமே வேறு. தடம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருப்பதால், மலைப் பக்கத்துப் பின்சக்கரம் பாரமில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு சக்கரம் அப்படிச் சுற்றினால் எஞ்சினின் பலமெல்லாம் அதற்கே போய்விடும். மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் வராது. அச்சின் நடுவில் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலின் குணம் அது. உழைக்கிறவனுக்கு ஒன்றுமில்லை, சும்மா சுற்றுகிறவனுக்கு எல்லாம், ஊர் நியாயம்தானே என்று நீங்கள் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தீர்கள்.

மேட்டடியில் எல்லோரும் இறங்குவார்கள். சக்கரத்துக்கு முன்னால் மரவள்ளிக் குச்சியை முறித்துப் போடுவார்கள். அதற்கப்புறம் உங்கள் வேலை. வேனின் பின்மூலையில், மேலே கேரியருக்கு ஏறும் ஏணிக்கு அடியில் ஒரு இரும்புப் படி இருக்கிறது. சுற்றுகிற சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி அதில் ஏறுவீர்கள். வண்டியின் மூலை தாழும். உங்கள் உடம்பு அப்படி. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்ளும். பாய் ஏறிவிட்டாரா என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டு உறுதி பண்ணிய பிறகுதான் நான் கியரே போடுவேன். முகமெல்லாம் செம்மண் தெறிக்க, போங்க போங்க என்று நீங்கள் கத்திக்கொண்டு வருவது பக்கக் கண்ணாடியில் தெரியும். தின்ற பிரியாணியெல்லாம் வீண்போகவில்லை என்று என் பெண்டாட்டி சொல்வாள். அவள் சொன்னால் மட்டும் உங்களுக்குக் கோபம் வராது.

ஆனால் நீங்கள் தினமும் மலையேறுகிற ஆள் இல்லை. நீங்கள் வராத மழைநாட்களில் வண்டி மேட்டுக்குக் கீழேயே நின்றது. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைப் போர்வையில் தூளி கட்டி மேட்டுக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாளே பட்டறைக்குப் போனோம்.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். பின்னச்சுக்குள் லாக் வைத்தால், சுவிட்சைத் தட்டியதும் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்றும், ஒன்று மட்டும் ஏமாற்ற முடியாது. இல்லையென்றால் பழைய ஜீப்பின் முன்னச்சைக் கொண்டுவந்து மாட்டி, முன்சக்கரங்களும் இழுக்கிற மாதிரி நாலு வீல் டிரைவாக மாற்றலாம். இரண்டில் ஒன்றுதான் நம்மால் ஆகும். நான் லாக் என்றேன். அதே மூச்சில் நீங்கள் நாலு வீல் என்றீர்கள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தச் சண்டையை எங்கெல்லாம் போட்டோம். காரவள்ளி டீக்கடையில், செம்மேட்டுச் சந்தையில், உங்கள் மகள் கல்யாணப் பந்தியில்கூட. மேடு ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் சாய்கிறது, முன்சக்கரம் இழுத்து என்னத்தைக் கிழிக்கப் போகிறது என்பேன் நான். உங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஏறாட்டி நின்னுக்கலாமுங்க மாப்ள. எறங்கறப்ப நிக்க முடியுங்களா?" சேற்றில் இறங்கும்போது நாலு சக்கரமும் எஞ்சினோடு சேர்ந்து பிடித்தால்தான் வண்டி நம் பேச்சைக் கேட்கும் என்பீர்கள். லாக்கைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போகும், மறதியில் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிற ஆளுக்கு லாக் எதற்கு என்று கேட்டீர்கள். பின்பாதிக்குச் சொந்தக்காரர் என் முன்பாதியில் எதற்கு அச்சு மாட்டுகிறார் என்று நான் கேட்டேன். முன்பாதிக்காரர் என் பின்பாதியை எதற்குப் பிரிக்கிறார் என்று நீங்கள் கேட்டீர்கள். முடிவு காணும் அவசரம் நமக்கு இல்லை, பாய். முடிந்த மழைநாளிலெல்லாம் நீங்கள் அந்தப் படியில் இருந்தீர்கள்.

பிறகு உங்களுக்குச் சோறு இறங்காமல் போனது. சேலத்து டாக்டர் ஈரலில் கட்டி என்றார். சட்டை தொளதொளவென்று ஆனது. டாக்டர் எனக்கு மைலேஜ் ஏற்றுகிறார் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. நீங்களும் அதை மறுபடி சொல்லவில்லை.

ஐப்பசி மழையில், வேண்டாம் என்று உங்கள் வீட்டு அக்கா தடுத்ததையும் மீறி ஒருநாள் மலைக்கு வந்தீர்கள். மேட்டடியில் எல்லோரும் இறங்கினோம், குச்சி போட்டாயிற்று. நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் ஏறினீர்கள். நான் உட்கார்ந்து கியர் போட்டேன். சக்கரம் சுற்றியது. கண்ணாடியில் பார்த்தேன், நீங்கள் குலுக்கினீர்கள். ஏணி ஆடியது, வண்டி தாழவில்லை. மறுபடி போட்டேன். சக்கரம் குச்சியையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு அதுபாட்டுக்குச் சுற்றியது. வழக்கமாகக் கேலி பேசுகிற பெண்கள் மறுபடி குச்சி முறிக்கத் திரும்பினார்கள். கடைசியில் எங்கள் பங்காளி ஒருவர், பாய் நானும் சும்மா ஒரு ஓரமாக நிற்கிறேன் என்று உங்கள் பக்கத்தில் ஏறினார். இன்னொருவரும் ஏறினார். வண்டி மேலே போய்விட்டது.

அன்று சாயங்காலம் செம்மேட்டு டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "லாக்கே போட்டுருவோமுங்க மாப்ள. நீங்க சொன்னதுதான் சரி."

எத்தனை காலம் அந்த வார்த்தைக்காக உங்களோடு மல்லுக்கு நின்றேன். அது வந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. "அதெல்லாம் வேண்டாமுங்க பாய். நாலு வீலே போட்டுக்கலாம். எறங்கறப்பத்தான் வெனைங்க" என்றேன். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் எதற்கு அப்படிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அப்புறம் சிரித்தீர்கள். முன்பாதிக்காரருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, ஆனால் காலம் கடந்துவிட்டது என்றீர்கள்.

அன்றிலிருந்து கட்சி மாறிச் சண்டை போட்டோம். என் வாதங்களையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் வாதங்களை நான். மேடு ஏறும்போது பாரம் எங்கே சாய்கிறது என்று நீங்கள் எனக்கே பாடம் எடுத்தீர்கள். முன்னச்சு மாற்ற அனுமதி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய நான் தயார் என்றேன். இந்தச் சண்டை நடக்கிற வரைக்கும் நீங்களும் இருப்பீர்கள் என்று முட்டாள்தனமாக நம்பினேன். பட்டறையில் மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். யார் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கடைசியாகப் பார்க்க வந்தபோது நீங்கள் சுவரோரம் கட்டிலில் கிடந்தீர்கள். அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். எது போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டீர்கள். இன்னும் எதுவும் போடவில்லை, நீங்கள் எழுந்து வந்து என்னோடு பட்டறையில் சண்டை போட வேண்டும் என்றேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"நான் எங்கீங்க மாப்ள வாரது. மழைக்கு முந்திப் போட்டுருங்க. சனம் எறங்கி நனைஞ்சுக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்குது."

எங்கள் ஊர்ச்சனம் வேன் நிறைய இறங்கி வந்து உங்களைப் பார்த்தது. பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் பள்ளிவாசல் வரைக்கும் நடந்தோம். உங்களைத் தூக்கிய சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். அது எவ்வளவு கனத்தது என்பதைப் பற்றி எழுதமாட்டேன். எல்லோரையும் போல நானும் கைப்பிடி மண் போட்டேன்.

நேற்றுப் பட்டறைக்குப் போய் லாக் போடச் சொன்னேன். முதலில் நான் கேட்டதும் அதுதான், கடைசியில் நீங்கள் கேட்டதும் அதுதான். நாலு வீல் என்று சொல்ல இப்போது இந்த உலகத்தில் யாரும் இல்லை. லாக் எடுக்க மறந்துவிடாதபடி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட்டும் வைக்கச் சொன்னேன். இறங்கும்போது முதல் கியரை விட்டு மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அது உங்களுக்காக.

இன்று மதியம் சேந்தமங்கலத்தை விட்டுக் கிளம்பினேன். மலையில் நல்ல மழை. மேட்டடியில் நிறுத்தியதும் வழக்கம்போல எல்லோரும் எழுந்தார்கள். இறங்க வேண்டாம், உட்காருங்கள் என்றேன். நம்பாமல் உட்கார்ந்தார்கள். சுவிட்சைத் தட்டினேன், சிவப்பு லைட் எரிந்தது. கிளட்சை விடும்போது, வண்டி ஏறக்கூடாது என்று நினைத்தேன், பாய். சத்தியமாக நினைத்தேன். ஒரே ஒரு தடவை சக்கரம் சுற்றி ஏமாற்றட்டும், யாராவது ஒருவர், பாய் இருந்திருந்தால் என்று சொல்லட்டும் என்று இருந்தது. அது எங்கும் நிற்கவில்லை. வழுக்கவே இல்லை. பின்னால் கைதட்டினார்கள், ஒரு கிழவி எனக்குத் திருஷ்டி கழித்தாள். எனக்குக் கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மேட்டுக்கு மேலே, சமதளத்தில், நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன் இல்லையா. நீங்கள் படியிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி முன்னால் வந்து என் பக்கத்து சீட்டில் ஏற நேரம் வேண்டுமே. இன்றும் வண்டி அங்கே நின்றுவிட்டது. நான் எட்டி அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டேன். மழைச்சாரல் சீட்டில் அடித்தது. "ஏனுங்கண்ணா, யாராச்சும் வரோணுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே கதவைச் சாத்தினேன்.

நாளைக்கும் வண்டி அங்கே நிற்கும், பாய். என் கால் அதுபாட்டுக்குப் பிரேக்கை மிதிக்கிறது, நான் என்ன செய்ய.