ஊருக்கெல்லாம் பிலோமினா

4-5, திங்கள்
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணி அரை மணியில் காய்ந்தது, அதுவரை லாபம்.

ஞாயிறு பேரன் ஜெரோமுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறான். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. கார்டு அடிக்க நேரமில்லை. மருமகள் ஜான்சி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவரவர் பேர் போட்டு அவரவர் போனுக்கு அழைப்பு போகிற மாதிரி புரோகிராம் எழுதுகிறாளாம். நான் பேர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். காகிதம் எதற்கு, எல்லாம் தலையில் இருக்கிறது.

மகன் அருள், பிலோமினா சித்தியை மறந்துவிட்டீர்களே என்றான். மறதியா? இவன் கல்யாணத்தில் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து, என் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, ஊறுகாய் இருக்கா என்று கேட்டாள், என் கூடப்பிறந்த தங்கை. அன்றோடு பேச்சு நின்றது. அன்றைக்கு அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையின் கரை கூட ஞாபகம். அருள் விடவில்லை. சரி, கடைசியில் போடு என்றேன்.

வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நம்பர் சரிதானா என்று மட்டும் ஜான்சியிடம் இரண்டு தடவை கேட்டேன்.

5-5, செவ்வாய்
புழுக்கம். மிக்ஸி ரிப்பேர்.

ஜான்சி காபி குடித்தபடி விளக்கினாள். அவள் பாடத்தில் ஃபங்ஷன் என்றால் விசேஷம் இல்லை, ஒரு வேலையைச் செய்யும் துண்டு. திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியதற்குப் பேர் வைப்பார்கள். ஒரே தடவைக்கு என்றால் பேரே வேண்டாம், அந்த இடத்திலேயே எழுதி விட்டுவிடலாம். அழைப்புக்கு ஆளுக்கு ஒன்று அப்படி எழுதி வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் எல்லாம் கிளம்பும்.

ஞானஸ்நானம் கொடுக்காமலே வேலைக்கு அனுப்புகிறாயே என்றேன். காபி புரையேறும் வரை சிரித்தாள்.

6-5, புதன்
காலையிலிருந்து போன். முதலில் கோடம்பாக்கத்து அண்ணன் மகன் லாரன்ஸ்.

"இன்னா அத்தே, என் பேரை மாத்திட்டியா? அன்புள்ள பிலோமினான்னு போட்டுகீது."

பிறகு சம்பந்தி. பிறகு மாடி வீட்டுக்காரர். எல்லோருக்கும் 'அன்புள்ள பிலோமினா'. பங்குச் சாமியாருக்கும்! எனக்கு முதலில் கோபம், பிறகு வயிறு வலிக்கச் சிரிப்பு.

ஜான்சி முகம் சுண்டிவிட்டது. மத்தியானம் கண்டுபிடித்தாள்.

"அந்தப் பேரில்லாத ஃபங்ஷனுங்க, எழுதினப்பவே பேரை எடுத்து வச்சுக்கல அத்தை. அனுப்புற நேரத்துலதான் போய்ப் பாத்திருக்கு. அப்ப கடைசிப் பேர்தான் இருந்துச்சு."

கடைசியில் போடச் சொன்னது யார், நான். எழுதும்போதே அவரவர் பேரைக் கையில் கொடுத்திருக்க வேண்டுமாம். என்னிடம் அந்தக் கோளாறு கிடையாது. நான் அன்றன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்பவள்.

மன்னிப்புக் கேட்டு எல்லோருக்கும் சரியான பேரில் மறுபடி போனது. பிலோமினாவுக்கு மட்டும் முதலிலேயே சரியாகப் போயிருக்கிறது. படித்துவிட்டாளாம், நீலக் கோடு விழுந்ததாம். பதில் இல்லை.

8-5, வெள்ளி
வெயில். ஜெரோமுக்கு வெள்ளைச் சட்டை தோளில் பிடிக்கிறது, பிரிக்க வேண்டும்.
பதில் இல்லை.
மல்லி, இஞ்சி, வாழை இலை.
கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஜான்சி தானாகவே இல்லை என்று தலையை ஆட்டினாள்.

10-5, ஞாயிறு
பூசை நன்றாக நடந்தது. குழந்தை தேவதை மாதிரி. திரும்பி வந்தால் வாசலில் ஒருத்தி, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறாள். தலை முழுக்க வெள்ளை, கையில் குச்சி. யாரோ என்று நினைத்தேன். என் தலைக்குள் இருந்தவள் அதே பச்சைப் புடவையில், கருகருவென்ற முடியோடு அல்லவா இருந்தாள்.

"ஊருக்கெல்லாம் என் பேர்ல அழைப்பு விட்டிருக்கே. ஆளாளுக்கு எனக்கு போன் போட்டு உன் அழைப்பு எங்கிட்ட வந்திருக்கே, நீ போறியான்றாங்க. நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்க்கா?"

வெயில்ல ஏன் நிக்கிறே, உள்ளே வா என்றேன். வந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பிலோமினா என்று கூப்பிட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். சாமியாரும்தான். அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

11-5, திங்கள்
பாத்திரம் எண்ணினால் பெரிய எவர்சில்வர் தூக்கைக் காணோம். மிச்ச மீன் குழம்பை அதில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். அம்மா எனக்குக் கொடுத்த தூக்கு. இதைச் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அருள் வாங்கி வருகிறானாம். வேண்டாம், நானே பெசன்ட் நகரில் அவள் வீட்டுக்குப் போய் நேரில் கேட்டுவிடுகிறேன். வழியில் அவளுக்கு நுங்கு வாங்க வேண்டும். ஆட்டோ வந்துவிட்டது