சர்பஞ்ச் காரு வீட்டில் இல்லை

செவ்வாய்
பத்து மணிக்கே வாசல் கல் கொதிக்கிறது. அரிசி புடைத்தாயிற்று. யாரோ ஒரு ஆள், "சர்பஞ்ச் காரு உன்னாரா?" என்றான், தலைவர் இருக்காரா என்று தெலுங்கில். நான்தான் சர்பஞ்ச், இந்தப் பஞ்சாயத்துக்குத் தலைவி. பெண்கள் சீட்டில் ஜெயித்து மூன்று வருஷம். "குளிச்சிக்கினு இருக்காரு, உக்காருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன். என் வாயிலேயே வருகிறது, சே.

குவாரி ஆளாம். ஏரிக்கு மேலே இருக்கும் குன்றை உடைக்கப் பஞ்சாயத்து தீர்மானம் வேண்டும். ஊருக்குக் குடிதண்ணீரே அந்த ஏரிதான். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வீட்டுக்காரர்: "உன்னை இன்னா கேட்டாங்க இப்ப? காபி எட்துக்கினு வா, போ."

புதன்
மேகம் மட்டும். புத்தூர் பழைய பேப்பர் கடையில் எடுத்த நாவல், பாதி. அட்டை கிழிந்தது, பேர் தெரியாது. அந்தக் காலத்து விஞ்ஞானக் கதை. வேறு கிரகம், பெண்கள் ஆட்சி. ஆண்கள் தெருவுக்கு வரச் சீட்டு வாங்கணும். ராணி முத்திரை இல்லாமல் கிணறுகூட வெட்ட முடியாது. சிரித்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.
வாங்க: உளுந்து, பாத்திர சோப்பு, மோட்டார் பெல்ட்.

வியாழன்
நாவல் முடிந்தது. பூமியிலிருந்து ஒருத்தன் இறங்குகிறான். ராணிக்குக் காதல். கடைசிப் பக்கத்தில் முத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டு வெட்கப்படுகிறாள். எழுதினவனை உதைக்கலாம் போல இருந்தது.
வீட்டுக்காரர் குவாரி ஆளோடு திருப்பதி. அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுகிறார்களாம், வேண்டுதல். எது நிறைவேறியது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளி
தனியாக மண்டல ஆபீஸ். குவாரி வேண்டாம் என்று மனு. கிளார்க் பைலைத் திறந்தார். தீர்மானம் புதன்கிழமையே வந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து, வீட்டுக்காரர் போட்டது. கடைசி எழுத்தில் இழுக்கிற அந்த நீள வால் எனக்குத் தெரியாதா.
"இது நான் போட்டதில்ல சார்."
பழைய பைல்களையும் எடுத்தார். மூன்று வருஷமும் அதே வால். அவசரத்துக்கு வீட்டுக்காரரே போடுவார், நானும் வாய் மூடி இருந்தேன். என் தப்பு.
கிளார்க் என் மனுவைத் தட்டினார். "இதாம்மா மேட்ச் ஆவல. சர்பஞ்ச் காரு கையெழுத்து வாங்கிக்கினு வாங்க."
"நான்தான் சார்."
"தெரியும்மா. பைல்ல வேற இருக்குதே."
பஸ்ஸில் அழுதேன். அந்த ராணியாவது தன் கையால் கொடுத்தாள்.

சனி
புழுக்கம். லட்டு வந்தது. "துன்னு" என்றார். செவ்வாயன்று குன்றில் மெஷின் இறங்குகிறதாம். அதற்குள் ஆபீஸில் மனுவை வாங்கவைக்கணும்.
பழைய தீர்மான நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கையெழுத்தை அவர் போடுகிற மாதிரி எழுதிப் பழகுகிறேன். நாலு பக்கம் ஆயிற்று. வால்தான் இன்னும் வரவில்லை.