தாழ்ப்பாள் மேல்பக்கம்

நாள் 1, காலை 7:20

நிலவின் மறுபக்கம், அமைதிக் குடில், கீழ்த்தளம். எழுதுவது ஜெபமணி, காற்றுப் பராமரிப்புப் பொறியாளர். அழுத்தம் சரி. தண்ணீர் சரி. கரியமில வாயு அளவு சரி. முதல் விசிறியின் மோட்டார் முனகுகிறது. உதிரி மோட்டார் நேற்றைய விண்கலத்தில் வந்துவிட்டது.

வந்தது, என் கைக்கு வரவில்லை. பெட்டியை மேலே வரவேற்புக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நான் எடுக்க ஏறுவதற்குள் முகாம் வழிகாட்டி கனகராஜன் முகாம் தொடங்கும் மணியை அடித்து, இரு தளத்துக்கும் நடுவே உள்ள தரைக்கதவைத் தாழிட்டுவிட்டார். தாழ்ப்பாள் மேல்பக்கம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த பொறியாளர் முகாம் நடக்கும்போது மேலே போய் விருந்தினர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் அடைபட்டுக் கிடக்கிறேன். என் விண்ணுடுப்புகூட மேலேதான் தொங்குகிறது, வெளியே சுற்றிப் போகவும் வழியில்லை.

பூமி அலுவலகத்திலிருந்து வந்த கடைசித் தகவல்:

"ஜெபா, செயற்கைக்கோள அணைக்கிறோம். பத்து நாளைக்கு ஒரு சிக்னலும் வராது, போகாது. மூணாம் நாள் குரல மறந்துராத. போன தடவ பத்தல. இன்னும் கொஞ்சம் உசுரோட பேசு."

நாள் 1, மாலை 5:00

மேலே கனகராஜனையும் சேர்த்து ஏழு பேர். எல்லோரும் காதுத்துணைக் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். பிறந்த நாளிலிருந்து காதுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் அந்தச் சனியன் எட்டாத மலையோ காடோ பூமியில் மிச்சமில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். மேலே மண் தரை, கீரைப் பாத்தி, ஓலைத் தட்டி. இயந்திரம் என்று ஒன்று கண்ணில் படாது. அவர்கள் விடும் ஒவ்வொரு மூச்சையும் நான் கீழே கழுவிக் கொடுக்கிறேன். அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

காற்றுக் குழாய் வழியாக மேலே பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். கனகராஜன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"மூணாம் நாள் தலை வலிக்குமுங்க. மூச்சு வாங்கும். யாரோ கூப்புடற மாதிரி இருக்கும். அத்தனையும் காதுத்துணை உங்கள உட்டுப் போற வலிதான். பதில் மட்டும் பேசீராதீங்க. எல்லாரும் சேந்து கை தட்டுங்க, ஓடிப் போயிரும்."

அந்தக் குரல் நான்தான். ஒவ்வொரு முகாமிலும் மூன்றாம் நாள் ஒலிபெருக்கியில் 'காற்று சரியில்லை, உடனே வெளியே வா' என்று காதுத்துணை மாதிரியே பயமுறுத்துவேன். அவர்கள் கை தட்டித் துரத்துவார்கள். துரத்திவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு ஊருக்குப் போவார்கள். கனகராஜனைத் தவிர யாருக்கும் இது தெரியாது. விளையாட்டாகத்தான் இருந்தது.

நாள் 3, காலை 9:40

முதல் விசிறி நின்றுவிட்டது. இரண்டாவது கிழட்டு விசிறி பாதி வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. கரியமில வாயு ஏறுகிறது. இப்படியே போனால் நாளை மறுநாள் மேலே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மோட்டார் கைக்கு வந்தால் அரை மணி நேர வேலை. யாராவது ஒருவர் தாழ்ப்பாளை விலக்கினால் போதும்.

ஒலிபெருக்கியில் சொன்னேன். காற்று கெட்டுப்போயிருக்கிறது, கீழ்க்கதவைத் திறந்துவிடுங்கள் என்று.

கை தட்டினார்கள்.

நாள் 3, காலை 11:15

ஆறு தடவை சொல்லிவிட்டேன். ஆறு தடவையும் கைதட்டல். விளக்குகளை அணைத்துப் பார்த்தேன். இருட்டில் உட்கார்ந்து பாடினார்கள். தண்ணீரை நிறுத்தினேன். இன்றைக்கு விரதம் என்று யாரோ உற்சாகமாகச் சொன்னார்கள். கதவைச் சுத்தியலால் அடித்தேன். தாளத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களை என்னதான் செய்வது.

கடைசியில் கனகராஜன் குழாயருகே வந்து ரகசியமாகப் பேசினார்:

"ஜெபாம்மா, பிரமாதமுங்க. எனக்கே வேர்த்துருச்சு. போதும், நிறுத்திக்கலாம்."

நான் சொன்னேன்: "சார், இது நெசம். மோட்டார் போச்சு. ஒங்க தல வலிக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"வலிக்குதுங்க, மூணாம் நாளில்ல. ஆபீஸ்ல இன்னும் உசுரோட பேசச் சொன்னாங்கன்னு தெரியுமுங்க. நல்லாப் பண்றீங்க."

அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. சொல்லிக் கொடுத்ததை நம்புகிறார். சொல்லிக் கொடுத்ததில் நானும் ஒருத்தி.

நாள் 4, காலை 8:30

மேலே பேச்சு குறைந்துவிட்டது. ஒருவர் வாந்தி எடுத்தார். விஷம் வெளியேறுகிறது என்று கனகராஜன் சமாதானம் சொல்கிறார். அவருக்கும் நாக்கு குழறுகிறது. என் அறைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சுத்திகரிப்பான் உண்டு. எனக்குத் தலைவலி இல்லை. மேலே ஏழு பேர் மூச்சு முட்டிக் கிடக்க, நான் காலையில் ரொட்டி தின்றேன்.

நாள் 4, பகல் 1:10

ஒருத்தி பதில் பேசினாள். பெயர் நஸ்ரின், ஆம்பூரில் கல்யாண மண்டபம் நடத்துகிறவள். குழாயில் வாய் வைத்து மெல்லக் கேட்டாள்:

"யாரு நீங்க?"

மனுஷிதான், பெயர் ஜெபமணி, கீழே இருக்கிறேன் என்றேன்.

"எங்காதுல இருந்ததும் அப்படித்தான் பேசும். காத்து சரியில்ல, ஜன்னல மூடு. ராத்திரி தூங்கல, டாக்டரப் பாரு. சின்னப் புள்ளயிலேந்து பயமுறுத்திக்கிட்டே இருந்துச்சு. அது போதும்னுதான் இங்க வந்தேன். நீங்களும் அதேதான் சொல்றீங்க."

வாயு அளவைச் சொன்னேன். அதுவும் அளவு சொல்லுமாம். கெஞ்சினேன். அதுவும் கெஞ்சுமாம். பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. என் ஊர் நாசரேத்தில் தண்ணீர்க் குழாயடியில் எப்படிக் கத்துவோமோ அப்படிக் கத்தினேன்:

"ஏட்டி கோட்டிக்காரி, ஒனக்குக் காது அவிஞ்சு போச்சா? எந்திச்சுப் போயி அந்தத் தாழ்ப்பாளத் தொறட்டி. செத்துத் தொலையவா இம்புட்டுத் தூரம் வந்த?"

அவள் சிரித்தாள்.

"அது ஒரு நாளும் என்னத் திட்டினதில்ல. அக்கா, நெசமாவே ஆளா நீங்க? இருங்க, வரேன்."

நாள் 4, பகல் 1:35

வந்தாள். தவழ்ந்து வருகிற சத்தம். தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது. என் காதால் கேட்டேன்.

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். குரலுக்குப் பதில் பேசியவரை எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆசை தணியும்வரை விடக்கூடாது என்பது இங்கே வழக்கம். அன்போடுதான் செய்கிறார்கள். கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு பேர் பாரம். நஸ்ரின் அழுகிறாள். "ஒண்ணுமில்லைங்க, போயிரும், போயிரும்" என்கிறார் கனகராஜன்.

முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். பாதித் தாழ்ப்பாள் இன்னும் பிடித்திருக்கிறது, அசையவில்லை.

நாள் 5, காலை 6:50

கதவுக்கு மேலேயே தூங்கிவிட்டார்கள். குறட்டை மாறிவிட்டது. இந்தத் தூக்கத்திலிருந்து அவர்கள் தானாக எழ மாட்டார்கள்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். என் அறைச் சுத்திகரிப்பானை மேல்தளக் குழாய்க்குத் திருப்பிவிடலாம். கிழட்டு விசிறியோடு அதுவும் சேர்ந்தால் ஏழு பேருக்கும் தட்டுத்தடுமாறிப் போதும், செயற்கைக்கோள் திரும்ப வரும்வரை தள்ளிவிடலாம். ஆனால் திருப்பினால் முழுசாகத்தான் திருப்ப முடியும். இந்த அறை சின்னது. மாலைவரைகூடத் தாங்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சாக இஷ்டமில்லை. ஆனால் தலை தெளிந்தால் நஸ்ரினுக்கு என் நினைவு வரும். மீதித் தாழ்ப்பாளையும் விலக்குவாள். அதை நம்பித்தான் செய்கிறேன்.

திருப்பிவிட்டேன்.

நாள் 5, பகல் 12:20

மேலே அளவு இறங்குகிறது. இருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம். ஒரு பெண் பசிக்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலை வலிக்கிறது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். கை தட்டினார்கள்.

நாள் 5, பிற்பகல்

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஒலிபெருக்கியில் பேசும் ஒலிவாங்கி மேசை மேல். நான் தரையில். எழ முடியவில்லை.

கனகராஜன் பேசுகிறார்: "தலைவலி போச்சுங்களா? மூச்சு சீராச்சுங்களா? சொன்னனில்லைங்களா. அந்தக் குரல் இப்ப கேக்குதுங்களா?"

இல்லை என்கிறார்கள். எல்லோரும். கை தட்டுகிறார்கள்.

பிற்பகல்

நஸ்ரின் குழாயருகே: "அக்கா, இருக்கீங்களா?"

வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவ திட்டுங்க."

கனகராஜன்: "உடுங்கம்மா. சரி, உங்க மனசு ஆறட்டும். இப்பத்தான் எல்லாருக்கும் தலை தெளிஞ்சிருக்குதே. இப்பவும் கீழருந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னா நெசந்தான்னு நானே தொறக்கறன். கேளுங்க."

கேட்கிறார்கள். மேலே அவ்வளவு அமைதி.

சுத்தியல் கையில்தான் இருக்கிறது. கதவு தலைக்கு மேலே. ஒரு தட்டு போதும்

கை