ஓய்வு என்றுதான் சொன்னேன்

சிஸ்டர்,

பக்கத்து வீட்டில் யாருக்கோ தடிமன், தும்மல் போலிருக்கிறது. வேர்க்கொம்புச் சுக்குப் போட்டுக் கொத்தமல்லி அவிக்கிறார்கள். வாசம் மதிலைத் தாண்டி வந்ததும் என் முகம் சுட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

கொட்டாஞ்சேனை கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தை நீங்கள் நடத்திய காலம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்தது. மூன்றாம் வகுப்பு என்னுடையது. என் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். வாய்ப்பாடு கேட்டால் எழுந்து நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். நான் "சரி, இரு" என்பேன். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் தோள்கள் குலுங்கும்போதுதான் விளங்கும்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அதற்கு முன் வேலையை விட்டுவிட வேண்டும். காது விஷயம் உங்களுக்குத் தெரியாமலே விட வேண்டும்.

பென்சன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. என்னைவிட மூத்தவர் நீங்கள், இன்னும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தீர்கள். அதனால் ட்ராமில் வரும்போதே கௌரவமான ஒரு சொல்லைத் தேர்ந்து வைத்திருந்தேன்.

"சிஸ்டர், நான் ஓய்வு எடுக்கலாமெண்டு யோசிக்கிறன்."

நீங்கள் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். உங்கள் குரல் கணீரென்றது. கிட்ட நின்றால் எனக்குக் கேட்கும்.

"நானே சொல்ல இருந்தனான் ரீச்சர். முகம் வாடிக் கிடக்கு. போய்ப் படுங்கோ. திங்கட்கிழமை வந்தாப் போதும்."

கழுத்தில் போடுவதும் மாலை, பொழுது சாய்வதும் மாலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் சொல்லுக்கும் இரண்டு பொருள் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. அப்போதாவது "இல்லை சிஸ்டர்" என்றிருக்கலாம். "தாங்ஸ் சிஸ்டர்" என்றேன்.

சனிக்கிழமை மடத்துக் குசினியில் சமைக்கும் அக்கா ஒரு போத்தலோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். "கொத்தமல்லி. சிஸ்டர் தன்ர கையால அவிச்சவ. குடிச்சு முடிக்கும் வரைக்கும் நிண்டு பாக்கட்டாம்."

ஒரு நோயும் இல்லாத நான் அவர் முன்னால் அதைக் குடித்தேன். வீட்டில் என்னோடு இருந்த தங்கச்சி என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, முகத்தையாவது வருத்தக்காரி மாதிரி வையுங்கோ."

திங்கட்கிழமை போனேன். என் வகுப்பில் நீங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். கிட்ட வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல், மெல்லத்தான் சொன்னேன்.

"சிஸ்டர், எனக்கு வருத்தம் காய்ச்சல் ஒண்டுமில்லை. நான் பென்சன் எடுக்கப் போறன். எனக்குக் காது கேக்குதில்லை."

மெல்ல என்று நான் நினைத்தேன். முன்வாங்குப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வகுப்பு ரீச்சர் சோக்குக்கட்டியைப் பிடித்தபடி திரும்பினார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர்கூடத் தும்புத்தடியோடு நின்றுவிட்டார். காது போனவளுக்குத் தன் குரலின் அளவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். ஏதோ சொன்னீர்கள், கொஞ்ச நேரம் சொன்னீர்கள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று, என் மானத்துக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முடிவில் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தீர்கள்.

திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம்.

"ஓம் சிஸ்டர்" என்றேன். உங்கள் முகம் தெளிந்தது.

பென்சன் எடுத்த பிறகும் பல முறை மடத்துக்கு வந்து உங்களைப் பார்த்தேன். ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். இப்போது நீங்களும் இல்லை. உங்களுக்கு எதையோ ஒப்புக்கொண்டிருக்கிறேன் சிஸ்டர். அதைச் செய்தேனா, செய்யாமலே விட்டேனா என்று எனக்குத் தெரியாது.