மூங்கில் சிம்பு வச்ச கதவு

டேய்,

இன்னைக்குக் காலையில நம்ம குதிரை வண்டிக் கதவைக் கழட்டினேன். கீலைப் பிடுங்கினதும் உளுத்த மரமும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடை அடிச்சுது. நீ ஊத்தின எண்ணெய்தான். அப்படியே கீழ உக்காந்துட்டேன். செத்துப்போனவனுக்கு எழுதி எங்க அனுப்புறது? தெரியல, எழுதறேன்.

கதவுல பெரிய கோளாறு எதுவும் இல்ல. திருகாணி ஓட்டையெல்லாம் தேஞ்சு பெருசாயிருச்சு. "மூங்கில் சிம்பைச் செருகித் திருகுனா பிடிச்சுக்கும்டா, ஒரு மணி நேர வேலை"ன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்த. நான் கயித்தால கட்டிக்கிட்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவன், கதவையா முடிப்பேன்?

சிராங்கூன் ரோட்டுல டிராம் தண்டவாளத்து மேல சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கதவு தொறந்துக்கும். உள்ள இருக்கிற ஆளு "பிந்து! பிந்து!"ன்னு கத்துவாரு. சீனரோ, நம்மாளோ, வண்டியில ஏறிட்டா எல்லாரும் கதவை மலாய்லதான் சொல்லுவாங்க, பிந்துன்னு. நான் கடிவாளத்த இழுப்பேன். கொஞ்ச நாள்ல இழுக்கவே வேணாம், அந்தச் சொல்லக் கேட்டாலே குதிரை நின்னுரும். பக்கத்துல உக்காந்து நீ வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்ப.

"உன்னைவிட அதுக்கு நல்லாப் படிப்பு ஏறுதுடா."

"அப்ப அதையே மேல உக்காரச் சொல்லு லா. நான் இழுக்கறேன்."

உனக்குக் காய்ச்சல் முத்துன அன்னைக்கு, உள்ள படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். தண்டவாளத்துல கதவு தொறந்துச்சு. நீ "பிந்து"ன்ன. குதிரை நின்னுருச்சு. இறங்கிக் கட்டினேன். மறுபடி தொறந்துச்சு, மறுபடி "பிந்து", மறுபடி நின்னுச்சு. எனக்கு வெறி வந்துருச்சு. "வாயை மூடுடா!"ன்னு கத்தினேன்.

மூடிக்கிட்ட. அப்புறம் கதவு தொறக்கவே இல்ல. கயிறு பிடிச்சுக்கிச்சுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கிப் பாத்தா, கயிறு அந்து தொங்குது. நீ உள்ளேருந்து கதவை இழுத்துப் பிடிச்சிருக்க. உன் விரலை ஒண்ணொண்ணா நான்தான் எடுத்துவிட்டேன். அதுக்கப்புறம் நீ எங்கிட்ட பேசவே இல்ல. ரெண்டு நாள்ல முடிஞ்சுருச்சு.

இன்னைக்குச் சிம்பைச் சீவிச் செருகித் திருகிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகலடா.

சாயங்காலம் சவாரி போனேன். தண்டவாளத்துல ஏறி இறங்குச்சு. கதவு அசையல. உள்ள இருந்தவரு கத்தல. குதிரைதான் காதைப் பின்னால திருப்பிக்கிட்டு, தானா நின்னுச்சு.

நான் விரட்டல. அது கேட்டு முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்.